கொத்து சேரும் ஆகாயச் சண்டையும்

திருகோணமலையில் பிறந்தவர், வாழ்ந்தவர், வந்து போனவர் அத்தனை பேரிலும், தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று மருந்துக்கும் அறியாத ஒரே மனிதர் எங்கள் கொத்து சேர்தான். மூதூர் பஸ் என்று ஏறி நிலாவெளியில் இறங்குவார். கலியாண வீடென்று செத்த வீட்டுக்குள் நுழைந்து, பொம்பிளை எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டவர். இடது காலில் தன் செருப்பும் வலது காலில் வேறு யாருடையதோ செருப்புமாக மூன்று நாள் நகரத்தை வலம் வந்துவிட்டு, நாலாம் நாள் கால் நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

இந்த மனிதர் ஒன்பது வருடமாக ஆராய்ச்சி செய்த விடயம் என்ன தெரியுமா? சூழ்நிலை விழிப்புணர்வு.

நான் இட்டுக்கட்டவில்லை. அவருடைய ஆய்வின் முழுப் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாதது. உடைத்துச் சொன்னால் இவ்வளவுதான்: ஆகாயச் சண்டையில் நாலு விமானம் சேர்ந்து போகிறது, யார் எங்கே நிற்கிறார், எதிரி எங்கால் வருகிறான் என்று நாலு பேருக்கும் தெரிந்திருந்தால் வெல்வார்கள், தெரியாவிட்டால் தோற்பார்கள். இதை அளந்து காட்ட வேண்டும். எங்கள் கந்தோர்ப் பியோனிடம் கேட்டிருந்தால் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் சொல்லியிருப்பார். ஆனால் பியோன் சொன்னால் பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

சேர் பதுளைக்காரர். இங்கே கம்பஸில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகமாகவே பதினொரு வருடம். அசல் விமானிகளைத் தந்து உதவுமாறு அவர் எழுதிய கடிதங்களுக்கு ஒருவரும் பதில் போடவில்லை. ஆகவே கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களைத் தேடி, துறைமுக வீதியில் பாமினி அக்காவின் கடைக்கு வந்து சேர்ந்தார். அக்கா சம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பவர். முன்பக்கம் போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம். பின்பக்கம் நாலு கொம்பியூட்டர். கண்ணாடிக் கதவில் சேர் ஒரு அறிவித்தல் ஒட்டினார்.

"ஆகாயச் சண்டை விளையாட ஆர்வமுள்ள நால்வர் தேவை. ஆட்டத்தின் நடுவே வினாக்கொத்து வழங்கப்படும்."

கடைக்கு முன்னால் ஓட்டோ நிறுத்துகிற, சல்லி ஊர் யோகன் அதை வாசித்துவிட்டு உடனே பெயர் கொடுத்தான். கிண்ணியாவிலிருந்து மீன்துறைக்கு ஐஸ் கொண்டுவருகிற நசீர் நானா, ஒன்றே ஒன்று மட்டும் விசாரித்தார்.

"அது கோழிக் கொத்தா, மாட்டுக் கொத்தா சேர்?"

"எல்லாருக்கும் ஒரே கொத்துதாங்க," என்றார் சேர், கேள்வி விளங்காமலே.

முதல் நாள் ஆட்டத்தின் நடுவே அவர் கையில் கொடுத்தது பத்துக் கேள்வி அடித்த கடதாசி. யோகன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இதைச் சாப்பிட்டாப் பிறகோ சேர் நிரப்புறது?"

"எதைச் சாப்பிட்ட பிறகு?"

"வினா எண்டது புதுசாத் திறந்த கொத்துக் கடை எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அன்றிலிருந்து அவர் கொத்து சேர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவருக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. தனக்குக் கொத்து ரொட்டி பிடிக்கும் என்பதை ஊர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

நாலாவது ஆள் நான். பக்கத்துக் கட்டடத்தில் கப்பல் சாமான் விடுவிக்கிற கந்தோரில் தட்டச்சு வேலை. நாலரைக்கு வேலை விட்டால் ஆறு மணிவரை பஸ் இல்லை. நாலாவது கதிரையில் பாமினி அக்காவே இருப்பார், நீ பார்த்துக்கொண்டு நில் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் யோகன், நசீர் நானா, அக்கா என்று மூன்று பேர்தான் தேறினார்கள். இளம் பெடியன்கள் வந்து ஒரு நாள் விளையாடிவிட்டு, கேள்விக் கடதாசியைக் கண்டதும் சோதனை மண்டபத்திலிருந்து ஓடுகிறவர்கள் போல ஓடிவிட்டார்கள். சேர் என்னைக் கும்பிடாத குறை.

"தங்கச்சி, டைப் பண்ற விரல்தானே. சுட மாட்டீங்களா?"

அதற்கொரு காரணம் இருந்தது. கம்பஸ் அவருக்குக் கடைசிக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆவணி முடிவதற்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் வேலையும் நீடிக்கப்படாது. வயது நாற்பத்தாறு. வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழில் தெரியுமா என்பது வேறு கதை. ஒவ்வொரு ஞாயிறும் பதுளையிலிருந்து தாய் அழைத்து, "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்பாராம். ஒன்பது வருடமாக இவர், "இன்னும் கொஞ்சம்மா" என்கிறார். இதைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டம் இப்படித்தான். எங்கள் விமானம் நாலும் நீலம். கொம்பியூட்டரின் விமானம் நாலும் சிவப்பு. ஒரே அறைக்குள் இருந்து கத்திக் கத்திச் சுடுவோம். சேர் போனில் எங்கள் கதையை ஒலிப்பதிவு செய்துகொண்டு பின்னால் நடப்பார். சண்டை உச்சத்தில் நிற்கும்போது, "நிப்பாட்டுங்க!" என்று ஒரு சத்தம். நாலு திரையும் கறுப்பாகிவிடும். நசீர் நானா ஒரு எதிரியை நாலு நிமிடமாகத் துரத்திப் பின்வாலில் குறி வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் நிப்பாட்டுவார்.

"ஏன் சேர், அவன் சுட்டு வுழுந்த மறுகா நிப்பாட்டினா ஆகாதா?"

"விழுந்த பிறகு அவன் எங்க இருக்கான்னு கேக்க முடியாதுங்களே."

பிறகு வினாக்கொத்து. முதல் கேள்வியே எங்களை விழுத்திவிட்டது. எதிரி விமானம் உமக்கு எத்தனை மணியில் உள்ளது? அதாவது மணிக்கூட்டு முள் காட்டுகிற திசைப்படி, நேரே முன்னால் என்றால் பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று. இதை அவர் விளங்கப்படுத்த மறந்துவிட்டார். யோகன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து பத்து என்று எழுதினான். நசீர் நானா எழுதியது, அசர் தொழுகைக்குப் பிறகு. அடுத்த அரை நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு நானா, அல்லாஹ் அறிவான் என்று எழுதினார். சேர் அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிழை போடப் பயம், சரி போடவும் வழியில்லை. கடைசியில் அரைப் புள்ளி கொடுத்தார்.

ஆய்வின் பெயரை அவர் தமிழில் குழுச் சூழ்நிலை விழிப்புணர்வு என்று பெயர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அவ்வளவையும் சொல்ல நேரம் போகிறதென்று ஒரு நாள் சுருக்கினார். வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி வாசித்தும் காட்டினார்.

"இன்னைல இருந்து நாம இதைக் கு-சூ-வின்னு சொல்லுவோம். இன்னைக்கு யாருக்குக் குசூவி கூட?"

நசீர் நானா மெல்ல எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டார். பாமினி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சேர், உதைச் சுருக்காதேங்கோ. உது நீளமாவே கிடக்கட்டும்," என்றார்.

பாமினி அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதிரி எங்கால் வருகிறான் என்ற கேள்விக்கு எங்களில் சரியான விடை எழுதியவர் அவர் ஒருவர்தான். திரை கறுப்பானாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். சேருக்குப் பெரிய ஆச்சரியம். "எங்க பழகினீங்க இதை?" என்று கொப்பியும் பேனையுமாகப் போய் நின்றார்.

"நாங்கள் கீழை நிண்டு பழகினனாங்கள் சேர். சத்தத்தை வைச்சே எங்கால போகுது, எங்கால திரும்புது எண்டு சொல்லோணும். அப்ப விடை பிழைச்சால் குறைக்கிறது புள்ளியை இல்லை."

சம்பூரில் எப்போது குண்டு விழுந்தது, எப்போது இடம்பெயர்ந்தார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சேருக்கு அன்றுதான் உறைத்தது. கொப்பியை மூடிவிட்டார். அன்றைக்கு அவர் பிறகு ஒரு தடவையும் நிப்பாட்டவில்லை. நாங்கள் முழு ஆட்டத்தையும் விளையாடித் தோற்றோம்.

இனி மான். எங்கள் ஊரில் மான்கள் ஆடுமாடு போலத் தெருவில் திரியும், புல்லைத் திரும்பியும் பார்க்காது. கடதாசி என்றால் உயிர். ஒரு நாள் நாங்கள் நாலு பேரும் தலையைக் குனிந்து கேள்விகளுக்கு விடை எழுதுகிறோம். சேர் எங்கள் தலைக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். இரண்டு கிழமையாக நிரப்பிய வினாக்கொத்துகள் கதவடியில் ஒரு பெட்டிக்கு மேல் அடுக்கி இருக்கின்றன. போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, உங்கட மான் கடதாசி தின்னுது."

சேர் தலையை நிமிர்த்தாமலே, "எந்தத் திசையில?" என்றார்.

ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டு அது எங்களைப் பார்த்தது. யார் எதைக் கவனித்தார் என்று அளக்கிற ஐந்து பேர் ஆறு அடி தூரத்தில் இருந்தோம். கொம்பு முளைத்த ஒரு முழு மான் வந்து நின்று ஆற அமரத் தின்றதை ஒருவரும் காணவில்லை. சேர் கொஞ்சமும் கோபப்படவில்லை. கொப்பியைத் திறந்து, ஆய்வின் வரையறைகள் என்ற தலைப்பின் கீழ் மான் என்று எழுதிக்கொண்டார்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கேவலமாகத் தோற்றோம். ஆனியில் எப்படியோ வெல்லத் தொடங்கினோம். பாமினி அக்கா புது மவுஸ் வாங்கிப் போட்டதுதான் காரணம் என்று யோகன் சொன்னான். ஆடி பிறந்தபோது எங்களை வெல்ல அந்தக் கொம்பியூட்டரால் ஏலாது. நாங்கள் துள்ளினோம். சேரின் முகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன சேர், வெண்டுட்டம். சிரியுங்களன்," என்றான் யோகன்.

"வெண்டீங்க. ஆனா பேப்பர்ல பாருங்க. பத்துக்கு மூணு. பத்துக்கு ரெண்டு. நசீர் நானா அரை." கடதாசிகளை மேசையில் பரப்பினார். "யார் எங்க இருக்கான்னு உங்க யாருக்குமே தெரியல. ஆனா ஜெயிக்கிறீங்க. என் தியரிப்படி நீங்க ஜெயிக்கக் கூடாதுங்க."

ஒன்பது வருடத் தியரியை நாலு பேர் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தோம். ஆவணி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாய் அழைத்தால் போனை எடுக்காமல் விடத் தொடங்கிவிட்டார் என்று பாமினி அக்காதான் கவனித்துச் சொன்னார்.

அன்றைக்கு சேர் போன பிறகு கடைக்குள் நாலு பேரும் கூடிக் கதைத்தோம். முடிவு சுலபமாகத்தான் தெரிந்தது. எங்களுக்குப் புள்ளி குறைவு. குறைந்த புள்ளிக்காரர் தோற்க வேண்டும் என்கிறது தியரி. சரி, தோற்போம். ஒரு கிழமை தோற்றுக் கொடுத்தால் மனுசன் பட்டம் வாங்கிவிடுவார். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, கண்ணால் மட்டும் சாடை காட்டுவது என்று சத்தியம் செய்துகொண்டோம்.

தோற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. வேண்டுமென்று தோற்கிறோம் என்று தெரியாமல் தோற்க வேண்டும். நான் விழுந்தால் யோகன் விழக்கூடாது. யோகன் எங்கே நிற்கிறான், நானா எந்தப் பக்கம் திரும்புகிறார், அக்காவுக்குப் பின்னால் எத்தனை சிவப்பு வருகிறது என்று ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏழு நாள் ஒழுங்காகத் தோற்றோம். ஏழாம் நாள் சேர் புள்ளியைக் கூட்டிவிட்டுக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

பத்துக்கு ஒன்பது. பத்துக்குப் பத்து. நசீர் நானாவே எட்டு.

சேர்ந்து தோற்பதற்காக நாங்கள் பட்ட பாட்டில் எங்கள் விழிப்புணர்வு வானத்தைத் தொட்டுவிட்டது. முன்பாவது ஒன்றும் தெரியாதவர்கள் வெல்கிறார்கள் என்றுதான் இருந்தது. இப்போது எல்லாம் தெரிந்தவர்கள் தோற்கிறார்கள் என்றும் ஆகிவிட்டது. அந்த மனிதருடைய ஆய்வின் கழுத்தை ஒரு பக்கத்தால் அறுத்தது போதாதென்று மற்றப் பக்கத்தாலும் அறுத்துவிட்டோம்.

அப்போதுகூட அவருக்கு எங்களில் சந்தேகம் வரவில்லை. வராது. நசீர் நானாதான் வாயை விட்டார். ஐஸ் லொறிக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பியவர், போகிற போக்கில் வெள்ளை மனதோடு கேட்டார்.

"சேர், இன்டைக்குத் தோத்தது காணுமா?"

சேர் நிமிர்ந்து எங்கள் நாலு பேரையும் பார்த்தார். அவர் எங்களை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வேணும்னா தோத்தீங்க?"

"உங்களுக்குப் பட்டம் கிடைக்கோணும் எண்டுதான் சேர்," என்றார் பாமினி அக்கா. "பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு."

"பொய்யா எழுதணும்னா நான் ஒம்பது வருசத்துக்கு முன்னாடியே எழுதியிருப்பேனே." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். "வீட்டுல உக்காந்து ஒரு நாள்ல எழுதியிருப்பேன். நீங்க யாருமே தேவையில்லையே. நான் எதுக்கு உங்களை எல்லாம் தேடி வந்தேன்?"

ஏழு நாள் வினாக்கொத்துகளையும் எடுத்து எங்கள் முன்னாலேயே கிழித்தார். வெளியே போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் போனார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வெட்கத்தில் நான் பஸ்ஸைத் தவறவிட்டேன். ஆவணி முடிய ஐந்து நாள் இருந்தது.

அடுத்த நாள் மதியம் அவர் என் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு கட்டு. நாங்கள் ஆட்டத்தில் கத்தியதையெல்லாம் ஒலிப்பதிவைக் கேட்டு நான் கிழமைக்குக் கிழமை தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். அவர் அதைத் திருத்தி வைத்திருந்தார். பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், திருத்தியபடி சுத்தமாக அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"தியரி தப்புன்னே எழுதிக் குடுத்துர்றேன் தங்கச்சி. தப்புன்னு கண்டுபிடிச்சதும் கண்டுபிடிப்புதானே. பட்டம் தர மாட்டாங்க. பரவாயில்ல."

கட்டை நடுவில் பிரித்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. யோகனின் வரி ஒவ்வொன்றிலும், பாமினி அக்காவின் வரியிலும், என் வரியிலும் சிவப்பு வட்டம். உவன் என்று நான் அடித்ததை வட்டமிட்டு அவன் என்று ஆக்கியிருந்தார். உங்கால என்பதை அங்கால என்று ஆக்கியிருந்தார். பிழை பிடிக்கிறாராம். எனக்கு வந்ததே ஒரு கோபம். பதினான்கு வருடம் தட்டச்சு செய்கிறவள் நான்.

"சேர், உது பிழையில்லை. யோகன் உவன் எண்டுதான் சொன்னவன்."

"அவன்னுதானே சொல்லணும்? கிட்ட இருந்தா இவன். தூர இருந்தா அவன். நடுவுல ஏதுங்க உவன்? நீங்கல்லாம் வேகமாப் பேசுறப்ப வாய் குழறுதுன்னு நெனச்சேன்."

நாலு மாதம் எங்களோடு குந்தியிருந்து எங்கள் வாய் குழறுகிறது என்று நினைத்த மனிதர். பதுளைப் பக்கம் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"என்னட்டை நிக்கிறவன் இவன். ரெண்டு பேருக்கும் தூர நிக்கிறவன் அவன். உங்களட்டை நிக்கிறவன் உவன். உங்கட பக்கத்தில இருக்கிறது உது." அவருக்கு விளங்கவில்லை. பியோன் வைத்துவிட்டுப் போன தேநீர் அவர் முன்னால் இருந்தது. "இப்ப பாருங்கோ, உந்தத் தேத்தண்ணிக்குள்ள ஈ கிடக்குது. உதைக் குடியாதேங்கோ."

அவர் முக்கால்வாசி குடித்து முடித்திருந்தார். கோப்பையைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கையில் வைத்தபடியே அசையாமல் இருந்துவிட்டார். குப்பைக் கூடையை அவர் காலடிக்குத் தள்ளிவிட்டேன்.

"அப்ப உங்கால வாறான்னா?"

"உங்கட பக்கத்தால வாறான். எனக்குத் தூரம், உங்களுக்குக் கிட்ட."

"அப்ப அதைச் சொல்லணும்னா, நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

"தெரியாமல் என்னெண்டு சேர் வாயில வரும்?"

கோப்பையை வைத்தார். கட்டை என்னிடமிருந்து பிடுங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நிப்பாட்டி, திரையைக் கறுப்பாக்கி, மணிக்கணக்கில் கேள்வி கேட்டு அவர் தேடியதை நாங்கள் ஒவ்வொரு வரியிலும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறோம். மற்றவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தவன்தான் உங்கால என்பான். தெரியாதவன் அங்கால என்பான். அவர் பிழை என்று சிவப்பில் வட்டமிட்டதெல்லாம்தான் விடை. அதுவும் ஒன்றையும் விடாமல் வட்டமிட்டிருந்தார். எண்ணுவது மட்டுமே மிச்சம்.

கந்தோரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் சேர்ந்து எண்ணினேன். சித்திரையில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ வட்டம், அதுவும் மற்றவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டுக் கேட்டுச் சொன்னவை. நசீர் நானாவின் வரிகளில் வட்டமே இல்லை. கிண்ணியாவில் அவர் அப்படிக் கதைத்துப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் அங்கால, இங்கால, இந்தா. ஆனியில் ஒரு பக்கம் வந்தது. நானாவின் வரியில் முதல் வட்டம்.

"யோகன், உவன் உங்கால வாறான், பாரு."

சேர் தேதியைப் பார்த்தார். நாங்கள் முதன்முதலாக வென்ற நாள். மவுஸுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொழும்பிலிருந்த தன் ஆய்வுப் பேராசிரியருக்குப் போன் எடுத்தார். பேராசிரியருக்கு ஆங்கிலம்தான். அந்த ஒரு எழுத்தை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த பாமினி அக்காவின் கடைப் படியில் நின்று நாற்பது நிமிடம் போராடினார். "தெயார் இல்ல சேர். ஹியரும் இல்ல. யூ இருக்கிற தெயார்," என்று கேட்டது எங்களுக்கு. போனை வைத்தபோது சட்டை நனைந்திருந்தது. எழுதிக் கொண்டுவாரும் என்றாராம்.

ஆய்வு ஆங்கிலத்தில் அச்சானது. ஆனால் அச்சகக்காரரின் மெசினுக்குத் தமிழ் தெரியாது. உ வர வேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டி விழுந்திருந்தது. நாலு பிரதி, பக்கத்துக்குப் பக்கம் பெட்டி. திருத்தி அச்சடிக்க நேரமில்லை. கடைசி நாள் காலையில் நாலு பேரும் கடைக்குள் இருந்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையால் உ போட்டோம்.

"இவ்வளவு பிள்ளையார் சுழி போட்டும் பாஸ் பண்ணாட்டி நான் கோயிலுக்கே போக மாட்டன்," என்றான் யோகன்.

"நீ போடுறது சுழி. நான் போடுறது எழுத்து," என்றார் நசீர் நானா. "பார்வைக்கு ஒண்டாத்தான் கிடக்கு. போடு, போடு."

பட்டம் கிடைத்தது. இரண்டு பக்கம் திருத்தச் சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடைப் படியில் நின்று தாய்க்கு அழைத்து, "முடிஞ்சிருச்சும்மா" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. இவர் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு போனை இன்னும் அழுத்திப் பிடித்தார். பாமினி அக்கா போட்டோக் கொப்பி மெசினை நிப்பாட்டிவிட்டார்.

வேலைதான் கிடைக்கவில்லை. கம்பஸில் அந்த இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அந்த ஆள் இவருடைய அறையிலேயே, இவருக்குப் பக்கத்து மேசையில் இரண்டு கிழமை இருந்திருக்கிறார். இவர் தினமும் குட்மோனிங் சொல்லி, தேநீரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் ஏன் வந்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. பதினொரு வருடம் உழைத்தவருக்கு முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒருவருக்கும் நா எழவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கட்டும்.

ஆனால் அந்த உகரத்தை எங்கோ குளிர் தேசத்தில் யாரோ வாசித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் ஆவணியில், விமானம் போலச் செய்த பெட்டிக்குள் அசல் விமானிகளை இருத்திப் பழக்குகிற ஒரு இடத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். போகும்போது எங்கள் நாலு பேருக்கும் கொத்து வாங்கித் தந்தார். அசல் கொத்து. யோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று சமாளித்தான்.

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. எங்களை மறந்திருப்பார், தன் பெயரையே மறந்திருப்பார் என்று பகிடி பண்ணிக்கொண்டு நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். கார்த்திகையில் ஒரு பின்னேரம், நாலு பேரும் சண்டை உச்சத்தில் நிற்க, பாமினி அக்காவின் போன் அடித்தது. அக்கா எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நிப்பாட்டுங்க!" என்றது போன்.

நாலு பேரும் எங்களை அறியாமலே மவுஸை விட்டுவிட்டோம்.

"உங்கால மழை பேய்ஞ்சுகிட்டிருக்கு," என்றார் கொத்து சேர். பதுளை வாயில் எங்கள் சொல் கோணல்மாணலாக வந்தது. "தகரத்துல சத்தம் கேக்குது. கதவடியில பேப்பர் ஏதும் இருந்தா எடுத்து உள்ள வைங்க."

திரும்பிப் பார்த்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. யோகன் ஓடிப்போய் கதவடிப் பெட்டியை உள்ளே இழுத்தான். நசீர் நானா போனுக்குக் கிட்டக் குனிந்து, "அரைப் புள்ளி இல்ல சேர், இந்தத் தரம் முழுசு," என்றார்.

கடல் கடந்து எங்கோ இருந்துகொண்டு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் அந்தச் சொல் வாயில் வராது.